மான் வேட்டைக் கதைகளும் மான் கணக்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடக்கே, கடல் போல் விரிந்து கிடக்கும் பேரேரிகளின் கரையில் விஸ்கான்சின் என்னும் மாநிலம் இருக்கிறது. பால் பண்ணைகளுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பெயர் பெற்றது. ஆண்டுதோறும் நவம்பர் மாதக் கடைசியில் ஒன்பது நாட்கள் இந்த மாநிலமே தன் வழக்கமான வேலையை மறந்துவிடுகிறது எனலாம். உழவர், ஆசிரியர், தச்சர், தொழிலாளி, மாணவர் என்று ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செம்மஞ்சள் நிற மேலங்கி அணிந்து, துப்பாக்கியுடன் காட்டுக்குப் போய்விடுகிறார்கள். இதுதான் அங்கே மான் வேட்டைப் பருவம். ஒரு சனிக்கிழமை விடியலில் தொடங்கி, அடுத்த வாரத்து ஞாயிறு மாலையோடு அது முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பருவத்துக்கு உரிய துப்பாக்கி வேட்டை குற்றமாகிவிடும்.

பருவத்தின் கடைசி இரவை மனக்கண்ணால் பாருங்கள். வெளியே பனி. காட்டோரத்து மரக் குடிசையில் இரும்பு அடுப்பு கனன்றுகொண்டிருக்கிறது. அதைச் சுற்றி ஆண்டுதோறும் இதே குடிசைக்கு வரும் நண்பர்கள். ஒருவர் சுட்ட மானைப் பற்றிச் சொல்கிறார். மற்றவர் தப்பிப் போன மானைப் பற்றிச் சொல்கிறார். தப்பிய மான் எப்போதும் சுட்ட மானைவிடப் பெரியதாகவே இருக்கும்! அதன் கொம்பின் கிளைகள் சென்ற ஆண்டு பத்து. இந்த ஆண்டு பன்னிரண்டு.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை தண்டனைக்குரிய குற்றம். ஆகவே இக்காட்சி நமக்குப் புதியது. ஆயினும் இந்தக் கதைகளுக்குப் பின்னால் நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஓர் அறிவியல் வரலாறு இருக்கிறது. கண்ணால் கண்டவர் சொல்லும் கதைக்கும், எண்ணிப் பார்த்த கணக்குக்கும் இடையே நடந்த நீண்ட வழக்கு அது. மான்களின் உயிரே அவ்வழக்கில் பணயமாக இருந்தது.

அடுப்பங்கரைப் பேச்சு

வேட்டைக் கதை வெறும் பொழுதுபோக்கு அன்று. மனித இனம் பல்லாயிரம் ஆண்டுகள் வேட்டையாடியே வாழ்ந்தது. அக்காலத்தில் எழுத்தில்லை, பள்ளியில்லை. விலங்கு எந்தப் பக்கம் ஓடும், காற்று எப்படி வீசினால் மோப்பம் பிடிக்கும், அடிபட்ட விலங்கு எங்கே போய்ப் படுக்கும் என்பனவற்றை எல்லாம் இளையவன் மூத்தவனின் கதையிலிருந்தே கற்றான்.

தென் ஆப்பிரிக்கப் பகுதியின் கலஹாரி பாலைநிலத்தில் வேட்டையாடியும் கிழங்கு, கனி திரட்டியும் வாழ்ந்த மக்களின் உரையாடல்களைப் பாலி வீஸ்னர் என்னும் மானிடவியலறிஞர் 1974இல் குறித்து வைத்தார். அவற்றை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார். பகலில் அவர்கள் பேச்சு பெரும்பாலும் குறைகூறலும் பிழைப்பைப் பற்றியதுமாக இருந்தது. கதை நூற்றுக்கு 6 பங்கே. இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. பேச்சில் 81 விழுக்காடு கதையாக இருந்தது. நெருப்பும் இருளும் ஓய்வும் சேர்ந்தால் மனிதன் கதை சொல்லத் தொடங்கிவிடுகிறான் போலும்!

விஸ்கான்சினின் தொல்குடிகளான ஒஜிப்வே மக்களிடமும் இத்தகைய மரபு உண்டு. அவர்களுடைய சில பழங்கதைகளைப் பனி தரையை மூடியிருக்கும் காலத்தில் மட்டுமே சொல்லவேண்டும் என்பது முறை. பின்னர் வந்து குடியேறிய ஐரோப்பியர் தம் வேட்டைக் குடிசைகளில் புதிய பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டனர். அவற்றில் ஒன்று வேடிக்கையானது. குறி தவறியவனின் சட்டையில் பின்பக்க நுனியைக் கத்தரித்துச் சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். பழைய குடிசைகளில் இத்தகைய துணித் துண்டுகள் வரிசையாகத் தொங்கும். குறி தவறிய நிகழ்ச்சிக்கு எழுத்தில்லாத பதிவேடு அது!

இப்படிச் சொல்லப்பட்ட கதைகளில் அந்தக் காட்டைப் பற்றிய நுட்பமான அறிவு நிறைந்திருந்தது. ஆனால் காட்டில் மொத்தம் எத்தனை மான்கள் என்ற ஒரு கேள்விக்கு மட்டும் அவற்றில் விடை கிடைக்கவில்லை. தாம் நின்ற இடத்தில் தாம் கண்டதைத்தான் யாரும் சொல்ல முடியும். அதிலும் மனம் சிறந்ததை மட்டும் நினைவில் வைத்து மற்றதை மறந்துவிடும். இக்குறை எவ்வளவு பெரிய விளைவைத் தந்தது என்பதை இனிப் பார்ப்போம்.

பருவம் என்பதே இல்லாத காலம்

ஐரோப்பியர் வருவதற்கு முன் வட அமெரிக்காவில் வெண்வால் மான்கள் கோடிக்கணக்கில் இருந்தன. ஓடும்போது வாலைத் தூக்கும். அதன் அடிப்பக்கம் வெள்ளையாகத் தெரியும். அதனால் வந்த பெயர் அது. முதலில் இவற்றின் தோலுக்கு விலை வந்தது. 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் கரோலினாக் குடியேற்றத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 50,000க்கும் மேற்பட்ட மான்தோல்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. அமெரிக்கர்கள் இன்றும் டாலரைப் பேச்சுவழக்கில் ‘பக்’ என்கிறார்கள். ‘பக்’ என்றால் ஆண்மான். தோல் நாணயம்போல் கைமாறிய காலத்தின் எச்சம் அச்சொல் என்று கூறுவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறைச்சிக்கும் விலை வந்தது. இரயில் பாதை காட்டுக்குள் நுழைந்தது. இன்று காட்டில் சுட்ட மான் மறுநாளே சிகாகோ நகரச் சந்தையில் தொங்கும் நிலை ஏற்பட்டது. மரம் வெட்டும் முகாம்களின் தொழிலாளருக்கும் மானிறைச்சியே உணவாயிற்று. சந்தைக்காகச் சுட்டவர்களுக்குக் காலமும் இல்லை, அளவும் இல்லை. இரவில் விளக்கொளியில் கண் கூசி நிற்கும் மானைச் சுட்டார்கள். நாய்களை ஏவி ஏரிக்குள் துரத்திச் சுட்டார்கள்.

விளைவு என்ன? 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்கா முழுவதிலும் எஞ்சியிருந்த வெண்வால் மான்கள் 3 முதல் 5 இலட்சம்தான் என்று பிற்கால ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். பல மாநிலங்களில் மானைக் கண்ணால் கண்டவரே அரிதாயினர். ஆனால் மான் இன்னும் எஞ்சியிருந்த காடுகளில் வேட்டைக்காரர் குடிசைக் கதைகளில் பஞ்சமே இல்லை! கடைசி மந்தை நின்ற இடத்துக்கே எல்லோரும் போனார்கள். அங்கே மான் இருந்தது. ஆகவே ‘மான் நிறைய இருக்கிறது’ என்றே கதை வந்தது.

சட்டங்கள் மெல்ல வந்தன. விஸ்கான்சினில் 1851இல் முதன்முதலாகப் பிப்ரவரி தொடங்கி ஜூன் முடிய மான் வேட்டை தடுக்கப்பட்டது. ஆனால் சட்டத்தைக் காக்க ஆளில்லை. 1897இல் ஒருவருக்கு இரண்டு மான் என்ற வரம்பும் உரிமக் கட்டணமும் வந்தன. 1900இல் நாடு முழுவதற்குமான லேசி சட்டம், திருட்டு வேட்டையின் பொருளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதைத் தடுத்தது. சந்தை வேட்டைக்கு விழுந்த பெரிய அடி இது. 1915இல் விஸ்கான்சின் ஓர் ஆளுக்கு ஓர் ஆண்மான் மட்டுமே என்று விதித்தது. 1925 முதல் 1935 முடிய ஓராண்டு விட்டு ஓராண்டு வேட்டையே இல்லாமல் செய்தது.

ஆகவே, வாசகர்களே, வேட்டைப் ‘பருவம்’ என்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம் அன்று. மான் அழியப்போகிறது என்ற அச்சத்தில் பிறந்த ஏற்பாடு. பருவத்துக்கு ஒரு முடிவு விதிக்கப்பட்ட பிறகுதான் ‘பருவத்தின் கடைசி இரவு’ என்று ஒன்றும், அந்த இரவுக்கு உரிய கதைகளும் உண்டாயின.

நவம்பரைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

மானின் ஆண்டு, சூரியனைப் பார்த்து நடக்கும் ஆண்டு. கோடை முடிந்து பகல் குறையத் தொடங்கியதும் மானின் மூளையிலுள்ள கூம்புச் சுரப்பி அதை உணர்ந்துகொள்கிறது. இரவு நீள நீள மெலடோனின் என்ற இயக்குநீர் அதிக நேரம் சுரக்கிறது. அதன் விளைவாக இனப்பெருக்க உறுப்புகள் விழித்தெழுகின்றன. விஸ்கான்சினில் நவம்பர் முற்பகுதியில் மான்கள் இணைசேர்கின்றன. கருக்காலம் ஏறத்தாழ 200 நாட்கள். எனவே குட்டிகள் மே கடைசியிலும் ஜூனிலும், பசும்புல் தளிர்க்கும் வேளையில் பிறக்கின்றன.

நவம்பர் கடைசியில் வேட்டை நடந்தால் இவ்வாண்டுக் குட்டிகள் தாமே மேயும் வயதை அடைந்திருக்கும். பெண்மான்களில் பெரும்பாலானவை கருவுற்றிருக்கும். ஓர் ஆண்மான் பல பெண்மான்களுடன் இணைசேர வல்லது. ஆகவே ஆண்மான்கள் சில குறைந்தாலும் அடுத்த ஆண்டுக் குட்டிகளின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாது. குளிர் இறங்கிவிட்டதால் இறைச்சியும் கெடாது. குளிர்காலத்தின் நடுவே ஆண்மான்களின் கொம்புகள் உதிரத் தொடங்கும். பிறகு ஆண் எது, பெண் எது என்று தொலைவிலிருந்து அறிவது கடினம். இத்தனையும் பொருந்துகின்ற ஒரு சிறிய இடைவெளியே நவம்பரின் கடைசி.

இந்த ஏற்பாட்டுக்குப் பணமும் சேர்ந்தது. 1937இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்தது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் உற்பத்தி வரி மாநிலங்களின் வன உயிர்த் துறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு இப்பணம் கிடையாது. இத்தகைய நிதியால் மான்களைப் பிடித்து, அவை அழிந்துபோன மாநிலங்களில் கொண்டுபோய் விட்டார்கள். விஸ்கான்சின் மான்கள் தெற்கே ஜார்ஜியா வரை பயணம் செய்தன.

பட்டினியால் செத்த மான்கள்

இதுவரை சொன்னது குறைந்த மான் பெருகிய கதை. இனி வருவது பெருகிய மான் செத்த கதை.

விஸ்கான்சினின் வட பகுதியில் இருந்த பெரும் பைன் காடுகள் 1900ஐ ஒட்டி வெட்டி முடிக்கப்பட்டன. வெட்டிய இடங்களில் இளஞ்செடிகள் தழைத்தன. மானின் வாய்க்கு எட்டும் உயரத்தில் தழை! அதனோடு பெண்மானைச் சுடக்கூடாது என்ற சட்டம். ஓநாய்களும் அவற்றின் தலைக்கு விதித்த பரிசுப் பணத்தால் அருகிவிட்டன. 1930க்குப் பிறகு மான்கள் வேகமாகப் பெருகின.

கடும்பனிக் காலத்தில் வெண்வால் மான்கள் ஊசியிலை மரங்கள் அடர்ந்த தாழ்நிலங்களில் ஒன்றுகூடும். அங்கே காற்று குறைவு. பனியின் ஆழமும் குறைவு. இவ்விடங்களை ‘மான் தொழுவம்’ என்பார்கள். எண்ணிக்கை மிகுந்தபோது தொழுவத்து மரங்களில் மானின் வாய் எட்டும் உயரம் வரை இலையே இல்லாமற் போயிற்று. பின்னங்காலில் நின்று எட்டும் பெரிய மான் பிழைத்தது. எட்டாத குட்டி செத்தது. இரக்கப்பட்ட மக்கள் வைக்கோலைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். வயிறு நிறைய வைக்கோலுடன் மான்கள் செத்துக் கிடந்தன! காரணம் எளியது. மான் அசைபோடும் விலங்கு. உணவைச் செரிப்பது அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள். குளிர்காலத்தில் குச்சிக்கும் மொட்டுக்கும் பழகிய நுண்ணுயிர்கள் திடீரென்று வைக்கோலைச் செரிக்க வல்லவை அல்ல.

இந்நிலையில்தான் ஆல்டோ லியோபோல்டு என்பவர் வழக்கின் நடுவே வருகிறார். 1887இல் பிறந்த இவர் காட்டிலாகாவில் பணியாற்றியவர். 1933 முதல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். தாமும் ஒரு வேட்டைக்காரர். 1942இல் குடிமக்கள் குழு ஒன்று அமைக்கப்பட்டு மான் தொழுவங்களைச் சுற்றிப் பார்த்தது. இளமான்களின் பிணங்களைக் குழுவினர் கண்ணால் கண்டனர். மந்தையைக் குறைக்க வேண்டும், அதற்குப் பெண்மான்களையும் சுட வேண்டும் என்று லியோபோல்டு வாதாடினார்.

வேட்டைக்காரர்கள் கொதித்தெழுந்தனர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் கேட்டு வளர்ந்த கதை வேறு. ‘என் பாட்டன் காலத்தில் பெண்மானைச் சுட்டுத்தான் மான் இனமே அழிந்தது, பெண்மானைத் தொடாதே’ என்பது அக்கதை. அது பொய்யும் அன்று. 1900ஆம் ஆண்டுக்கு அது முழு உண்மை. ஆனால் காடு மாறிவிட்டது, கதை மாறவில்லை.

1943இல் பருவம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முதல் நான்கு நாட்கள் கிளைத்த கொம்புள்ள ஆண்மான். சில நாள் இடைவெளி. பின்னர் நான்கு நாட்கள் கொம்பில்லா மான்கள். அவ்வாண்டு ஏறத்தாழ 1,28,000 மான்கள் சுடப்பட்டதாக மதிப்பிட்டனர். ‘நாற்பத்து மூன்றின் குற்றம்’ என்று எதிர்ப்பாளர் அதற்குப் பெயர் வைத்தனர். ‘விஸ்கான்சின் மான்களைக் காப்பாற்றுவோம்’ என்ற பெயரில் ஒரு பத்திரிகையே நடத்தி லியோபோல்டைத் தாக்கினர். அடுத்த ஆண்டே பழைய ஆண்மான் விதி திரும்பி வந்தது. 1948இல், அண்டை நிலத்தில் பரவிய புல் தீயை அணைக்கப் போராடும்போது லியோபோல்டு மாரடைப்பால் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டில்தான் பெண்மான் வேட்டை மீண்டும் திறக்கப்பட்டது.

விஞ்ஞானியின் கதையும் வளரும்!

இந்த வரலாற்றைக் கேட்டால், வேட்டைக்காரர் கதையில் பிழை உண்டு, விஞ்ஞானியின் கணக்கில் பிழையே இல்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படி முடிவு கட்டுவதற்கு முன், லியோபோல்டு தம் வாதத்துக்குச் சான்றாகக் காட்டிய ஓரிடத்தையும் பார்த்துவிடுவோம்.

அது அரிசோனா மாநிலத்தில் கிராண்ட் கேன்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கின் வடகரையில் உள்ள கைபாப் பீடபூமி. 1906இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அதை வேட்டை விலங்குகளின் காப்பிடமாக அறிவித்தார். அங்கிருந்தவை நீண்ட காதுகளையுடைய மியூல் மான்கள். அவற்றைக் காக்க அரசு வேட்டைக்காரர்கள் மலைச்சிங்கம், ஓநாய், கயோட்டி நரி ஆகியவற்றைக் கொன்று குவித்தனர். மான் பெருகித் தழையெல்லாம் தின்று தீர்த்தது.

1924 டிசம்பரில் ஜார்ஜ் மெக்கார்மிக் என்பவர் ஒரு திட்டத்தோடு வந்தார். ஆயிரக்கணக்கான மான்களை மாட்டு மந்தைபோல் ஓட்டி, பள்ளத்தாக்கைக் கடக்கச் செய்து அக்கரைக்குக் கொண்டுபோவது! ஒரு மானுக்கு இவ்வளவு கூலி என்று பேச்சு. கதாசிரியர் ஜேன் கிரே ஆதரவு தந்தார். குதிரை மேலும் காலால் நடந்தும் ஆட்கள் மணியடித்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். பனிப்புயல் வந்தது. மான்கள் முன்னே ஓடவில்லை. ஆட்களின் இடையே புகுந்து பின்னே ஓடின. அக்கரை சேர்ந்த மான் ஒன்றுகூட இல்லை.

அந்த ஆண்டு கைபாபில் எத்தனை மான்கள் இருந்தன? பார்த்தவர்கள் சொன்ன எண்கள் 30,000 முதல் 1,00,000 வரை இருந்தன. எவரும் எண்ணவில்லை, எல்லாம் ஊகம். பின்னர் எழுதியவர்கள் உச்ச எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் வரைந்த கோட்டுப்படத்தை மற்றவர் இன்னும் செப்பமாக்கினார். ‘பகை விலங்கை ஒழித்தால் இரை விலங்கு பெருகிச் சாகும்’ என்பதற்குச் சான்றாக அப்படம் உலகெங்கும் பாடப்புத்தகங்களில் ஏறியது. தப்பிய மானின் கொம்பு ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்ததே, அதே முறையில்தான் இந்த எண்ணும் வளர்ந்தது! 1970இல் கிரேம் காக்லி என்ற ஆய்வாளர் மூல ஆவணங்களைப் புரட்டிப் பார்த்து இதை அம்பலப்படுத்தினார். அதன்பின் கைபாப் கதை பல பாடநூல்களிலிருந்து நீக்கப்பட்டது.

வழக்கு அத்தோடு முடியவில்லை. அங்குள்ள ஆஸ்பென் மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணி ஆராய்ந்தவர்கள் 2006இல் ஒரு செய்தியைத் தெரிவித்தனர். மான்கள் மிகுந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுகளில் முளைத்த ஆஸ்பென் மரங்கள் மிகவும் குறைவு. ஆஸ்பென் கன்று மானுக்குப் பிடித்த தீனி. ஆகவே மான்கள் உண்மையிலேயே மிகப் பெருகியிருந்தன. கதையின் உயிர் மெய், எண்தான் நம்பத் தகாதது. எவர் வாய்ச்சொல்லையும் நம்பாமல் மரத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றி அறிந்த உண்மை இது.

தாடை சொல்லும் கணக்கு

மானை எண்ணுவது எளிதன்று. அது மறைந்து வாழும் விலங்கு. ஆனால் பருவத்தின் முடிவில் ஆயிரக்கணக்கான மான்களை வேட்டைக்காரர்களே காட்டிலிருந்து வெளியே கொண்டு வருகிறார்கள் அல்லவா? அவற்றை எண்ணலாமே! 1953 முதல் விஸ்கான்சினில் சுட்ட மானைப் பதிவு நிலையத்துக்குக் கொண்டு வந்து காட்டுவது கட்டாயமாயிற்று. பெட்ரோல் நிலையம், மளிகைக் கடை, மதுக்கடை ஆகியவையே பதிவு நிலையங்கள். லாரிகளின் பின்னால் மான், சுற்றிலும் கூட்டம், ஒவ்வொருவர் வாயிலும் ஒரு கதை. கூட்டத்தின் நடுவே ஓர் உயிரியலாளர் சிறு விளக்குடன் மானின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் பார்ப்பது பல். கொம்பில் எத்தனை கிளையோ அத்தனை வயது என்பது வேட்டைக்காரர் பலரின் நம்பிக்கை. அது தவறு. கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது. அதன் அளவு தீனியையும் பரம்பரையையும் பொறுத்தது. நியூயார்க் மாநிலத்து செவரிங்ஹாஸ் என்பவர் 1949இல் பல்லின் வளர்ச்சியையும் தேய்மானத்தையும் கொண்டு வயதறியும் முறையை வகுத்தார். அவ்வாண்டுக் குட்டிக்குக் கடைவாய்ப் பற்கள் ஆறும் முளைத்திரா. ஒன்றரை வயது மானின் மூன்றாவது பல் மூன்று முகடுகளையுடைய தேய்ந்த பாற்பல்லாக இருக்கும். அல்லது அது விழுந்து, கறைபடாத இரண்டு முகட்டுப் புதுப்பல் எட்டிப் பார்க்கும். அதற்கு மேற்பட்ட வயதைத் தேய்மானம் காட்டும்.

பல்லிலிருந்து மந்தையின் அளவை எப்படி அறிவது? எளிய எடுத்துக்காட்டு ஒன்று. இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நாமே எடுத்துக்கொண்டவை.

ஒரு வட்டாரத்தில் ஒன்றரை வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்மான்கள் 540 சுடப்பட்டன. பல்லைப் பார்த்ததில் நூற்றுக்கு 60 ஒன்றரை வயதினர். மந்தை ஆண்டுக்கு ஆண்டு ஒரே அளவில் இருக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் ஆண்டுதோறும் 60 விழுக்காடு புதியவர் சேருகின்றனர் என்றால், அதே 60 விழுக்காடு பழையவர் இறக்கின்றனர் என்று பொருள். இறப்பில் பத்தில் ஒன்பது பங்கு துப்பாக்கியால் என்று வைத்துக்கொண்டால், வேட்டையில் விழுவது 54 விழுக்காடு. 540 என்பது 54 விழுக்காடு. ஆகவே பருவத்துக்கு முன் இருந்த ஆண்மான்கள் 1,000. ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்றால் பெண்மான்கள் 2,000. பெண்மான் ஒன்றுக்குச் சராசரி ஒரு குட்டி என்றால் குட்டிகள் 2,000. மொத்தம் 5,000!

பார்த்தீர்களா? சுட்ட மானைக்கொண்டு, எவர் கண்ணிலும் படாத மானையும் எண்ணிவிட்டோம். ஒவ்வொரு படியிலும் ஓர் அனுமானம் இருப்பதையும் கவனியுங்கள். வேட்டை நாட்களில் மழை பெய்து சுட்டது குறைந்தாலோ, மந்தை திடீரென்று பெருகினாலோ கணக்கு பிசகும். ஆனால் எந்தப் படியில் பிசகு என்று தேடிக் கண்டுபிடித்துத் திருத்தலாம். கதைக்கும் கணக்குக்கும் உள்ள வேறுபாடு இதுதான். கணக்கிலும் தவறு வரும். ஆனால் தன் தவறு எங்கே இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும்.

முடியாத வழக்கு

இன்று அமெரிக்காவில் வெண்வால் மான்கள் ஏறத்தாழ 3 கோடி என்று மதிப்பிடுகின்றனர். 2000ஆம் ஆண்டில் விஸ்கான்சினில் மட்டும் சுடப்பட்டவை 6 இலட்சத்துக்கும் மேல். நூறாண்டுக்கு முன் நாடு முழுவதிலும் இருந்த மான்களைவிட இது மிகுதி என்பது குறிப்பிடத்தக்கது.

பருவச் சட்டங்களால் ஒதுக்கப்பட்டிருந்த ஒஜிப்வே மக்களின் உரிமையும் ஓரளவு மீண்டது. 1837, 1842ஆம் ஆண்டு உடன்படிக்கைகளில் தம் நிலங்களைக் கொடுத்தபோது, அங்கே வேட்டையாடும் உரிமையை அவர்கள் தமக்கென வைத்துக்கொண்டிருந்தனர். அவ்வுரிமை அழியவில்லை என்று 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

புதிய துன்பம் ஒன்றும் வந்தது. மான்களின் மூளையைப் பஞ்சுபோல் துளைக்கும் நாட்பட்ட மெலிவு நோய் 1967இல் கொலராடோவில் முதன்முதல் காணப்பட்டது. உருக்குலைந்த புரதமே இதற்குக் காரணம், மருந்து இல்லை. 2001ஆம் ஆண்டுப் பருவத்தில் சுடப்பட்ட மான்களின் மாதிரிகளைச் சோதித்தபோது, 2002 பிப்ரவரியில் விஸ்கான்சினிலும் இந்நோய் இருப்பது தெரியவந்தது. நோயுற்ற மான் நெடுநாள் நலமாகவே தோன்றும். அடுப்பங்கரையில் எத்தனை கதை பேசினாலும் இதை எவரும் கண்டிருக்க முடியாது. இப்போது இந்நோய் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பரவியிருக்கிறது. மனிதரைத் தாக்கியதாக உறுதியான சான்று இல்லை. ஆயினும் நோயுள்ள மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று அறிவுறுத்துகின்றனர்.

2015 முதல் விஸ்கான்சின் வேட்டைக்காரர் தொலைபேசியிலோ கணினியிலோ மானைப் பதிவு செய்துவிடலாம். நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. வசதிதான். ஆனால் கதை சொல்பவரும் பல்லைப் பார்ப்பவரும் ஒரே விளக்கின் கீழ் நின்ற வாய்ப்பு குறைந்துவிட்டது. அங்கே உயிரியலாளர் வேட்டைக்காரரிடம் காட்டைக் கற்றார். வேட்டைக்காரர் தம் மானின் உண்மை வயதை அறிந்து வியந்தார். ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்கியதும் அங்கேதான். 1943இன் சண்டையைப் போன்ற ஒன்று மீண்டும் வந்தால், அந்த நம்பிக்கையை எங்கே போய்த் தேடுவது என்பது இன்று அங்குள்ளோர் முன் நிற்கும் கேள்வி.

மாணவ நண்பர்களே! ‘எங்கள் காலத்தில் இந்த ஏரியில் எவ்வளவு பறவைகள் வரும் தெரியுமா?’ என்று உங்கள் தாத்தா சொன்னால் ஆவலோடு கேளுங்கள். அக்கதையில் வேறெங்கும் கிடைக்காத செய்தி இருக்கும். கேட்டு முடித்ததும் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போங்கள். இன்று எத்தனை பறவைகள் என்று எண்ணித் தேதியோடு எழுதி வையுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு நீங்கள் கதை சொல்லும்போது அந்தக் குறிப்பேடும் பக்கத்தில் இருக்கட்டும்.